தரிசு என்று பெயரிட்டவர் யார்?

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பது நம் மக்களிடையே வழங்கும் பழமொழி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் பெரும் எண்ணெய்க் கம்பெனிகள் புல்லின்மேல் கொண்ட திடீர்க் காதலைக் கண்டவர்கள் அப்பழமொழியைச் சற்றே திருத்த வேண்டியிருக்கும். நிலத்தின் அடியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி உலகை ஆட்டிவைத்தவர்கள், நிலத்தின்மேல் வளரும் புல்லிலிருந்தே இனி மோட்டார் வண்டிக்கு எரிபொருள் வடிப்போம் என்றனர். அதற்கென இரண்டு இனங்களைக் கலந்து உண்டாக்கிய புதிய புற்களைப் பயிரிடுவோம். அவற்றை நெல்லும் கோதுமையும் விளையாத தரிசிலே வளர்ப்போம். ஏழையின் கலத்தில் ஒரு பருக்கையும் குறையாது. காற்றும் மாசுறாது என்றனர். பல்கலைக்கழகங்கள் ஆமோதித்தன. அரசாங்கங்கள் சட்டம் இயற்றின. முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரிலும் ஒரு சாரார் இதனை விஞ்ஞானத்தின் வெற்றியென வரவேற்றனர்.

2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற இலங்கை வாசகருக்கு இது வேற்றூர்க் கதையாகத் தோன்றாது. வரிசையில் நின்று களைத்தவன் எந்த வாக்குறுதியையும் நம்பச் சித்தமாயிருப்பான். ஆகவே, இவ்வாக்குறுதியின் உள்ளுறையை ஆராய்வது நம் கடமையாகும். புல்லையோ, புல்லைக் கலக்கும் விஞ்ஞானியையோ நிந்திப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ‘தரிசு’ என்ற அந்த ஒற்றைச் சொல்லை நிலத்தின்மேல் எழுதுபவர் யார், எழுதும் அதிகாரத்தை அவருக்கு அளித்தவர் யார் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

முதலில் விஞ்ஞானத்துக்குரிய மதிப்பை விஞ்ஞானத்துக்கு அளித்துவிடுவோம். புறத்தே வலிமையுடையவற்றைப் புல்லென்றும் அகத்தே வலிமையுடையவற்றை மரமென்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். அவ்வகுப்பின்படி மட்டுமன்றி இன்றைய தாவரவியலின்படியும் மூங்கிலும் கரும்பும் நெல்லும் சோளமும் புல்லினத்தைச் சேர்ந்தவையே. மனித குலம் புல்லைத் தின்றே வளர்ந்தது. அப்புல்லினத்துள் மிஸ்காந்தஸ் என்பது கிழக்காசியாவுக்குரிய ஓர் உயர்ந்த புல். 1935 ஆம் ஆண்டில் அக்ஸல் ஒல்சன் என்ற டென்மார்க் நாட்டவர் யப்பானின் யோக்கோகாமாவிலிருந்து அதன் கலப்பினம் ஒன்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். பல ஆண்டுகளாக அது ஐரோப்பியத் தோட்டங்களில் வெறும் அலங்காரச் செடியாக நின்றது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரே அதன் உடலில் தேங்கும் சக்தியின்மேல் விஞ்ஞானிகளின் கவனம் சென்றது.

இப்புல்லின் பிறப்பு வியப்புக்குரியது. அதன் பெற்றோருள் ஒன்றுக்கு 38 நிறமூர்த்தங்கள், மற்றதற்கு 76. பிள்ளைக்கு 57. மூன்று தொகுதிகளாக அமைந்த இவை ஒழுங்காக இணைசேர முடியாமையால் அதன் பூவில் முளைக்கும் விதை உண்டாவதில்லை. விதைக்குச் செலவாகாத வலிமையெல்லாம் தண்டிலும் இலையிலும் சேர்கிறது. ஒருமுறை நட்டால் பதினைந்து இருபது ஆண்டுகள் நிலைத்து நிற்கும். வெப்ப நாட்டுப் புற்கள் பலவற்றுக்குரிய விரைவான ஒளித்தொகுப்பு முறையை அது குளிர்நாட்டிலும் நடத்தவல்லது. இலையுதிர் காலத்தில் தன் நைதரசனை மண்ணுக்கடியிலுள்ள வேர்த்தண்டுக்கிழங்குக்குத் திருப்பிக்கொள்வதால் பசளைத் தேவையும் குறைவு. அமெரிக்காவின் இலினோய் மாநிலப் பரிசோதனைகளில் அது ஹெக்டேயருக்கு ஏறக்குறைய 30 தொன் உலர்ந்த விளைவைத் தந்தது. பக்கத்தில் வளர்த்த சுவிச் புல், அந்நாட்டின் சுதேசப் புல், தந்தது ஏறக்குறைய 10 தொன். இது 2008 ஆம் ஆண்டில் வெளியான முடிவு. கலப்பினத்தின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய புல்லின்மேல் கம்பெனிகளின் நாட்டம் சென்றதற்கு உடனடிக் காரணம் ஒன்றிருந்தது. அமெரிக்கா சோளத்திலிருந்து மதுசாரம் வடித்துப் பெற்றோலுடன் கலந்துவந்தது. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் உலகமெங்கும் தானிய விலை ஏறியபோது ஏழை நாடுகளின் வீதிகளில் பட்டினிக் கலகங்கள் வெடித்தன. ஐக்கிய நாடுகள் சபையின் உணவுரிமைச் சிறப்பு அறிக்கையாளராயிருந்த ஜீன் சீக்ளர், உணவுத் தானியத்தை எரிபொருளாக்குவது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என 2007 ஆம் ஆண்டில் கண்டித்தார். மனிதனின் சோற்றை மோட்டார் தின்கிறது என்ற குற்றச்சாட்டு எளிதில் மறுக்கக்கூடியதாக இருக்கவில்லை. அப்பொழுதுதான் புல் முன்னே நிறுத்தப்பட்டது. சோளத்தை எரிப்பது பாவமாயின் புல்லை எரிப்போம். புல்லை எவர் உண்கிறார் என்றனர்.

2006 சனவரியில் அமெரிக்க சனாதிபதி புஷ் தமது நாட்டுநிலை உரையில் சுவிச் புல்லின் பெயரையே உச்சரித்தார். 2007 ஆம் ஆண்டுச் சட்டம் 2022 இல் 1,600 கோடி கலன் எரிபொருள் செலுலோசிலிருந்து, அதாவது புல், வைக்கோல், மரத்துண்டு முதலியவற்றிலிருந்து, உண்டாக்கப்பட வேண்டுமென விதித்தது. அதே ஆண்டில் பீ.பீ. எண்ணெய்க் கம்பெனி, பத்தாண்டுகளில் 50 கோடி டொலர் தருவதாக அறிவித்துக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தையும் இலினோய்ப் பல்கலைக்கழகத்தையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. புல் ஆராய்ச்சியின் செலவை எண்ணெய் வியாபாரி ஏற்றுக்கொண்டான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை நம்மவர்க்குப் புதிதன்று.

நடந்தது என்ன? புளோரிடாவில் கலப்பினக் கரும்பையும் புல்லையும் கொண்டு எரிபொருள் வடிக்கவிருந்த ஆலையை 2012 ஆம் ஆண்டில் பீ.பீ. கைவிட்டது. 2014 ஆம் ஆண்டில் எண்ணெய் விலை சரியத் தொடங்கியதும் இவ்வாராய்ச்சிகளிலிருந்தே தவணை முடியுமுன் விலகிக்கொண்டது. செலுலோசை மதுசாரமாக்கும் பேராலைகள், சோளத்தட்டையையும் வைக்கோலையும் கொண்டு தொடங்கியவை, புல் நுழையவேண்டிய வாயில்களாக இருந்தன. அவ்வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. கன்சாஸ் மாநிலத்தில் அபெங்கோவா 2014 இல் திறந்த ஆலை 2016 இல் கடனில் மூழ்கியது. அயோவாவில் டூபொன்ட் 2015 இல் திறந்ததை 2017 இல் மூடியது. அதே மாநிலத்தில் 2014 இல் தொடங்கிய இன்னொரு பேராலை 2019 இல் உற்பத்தியை நிறுத்தியது. 1,600 கோடி கலன் என்ற இலக்கு, 2022 வந்தபோது 63 கோடியாகச் சுருங்கியது. அதிலும் பெரும்பகுதி குப்பைமேடுகளிலும் சாணக்குழிகளிலும் எழும் வாயுவாகும். புல்லின் பங்கு அதில் இல்லை என்றே சொல்லலாம்.

செலுலோசை உடைப்பது கடினம் என்பர். உண்மை. புல்லின் உடலை இறுக்கிப் பிடித்திருக்கும் இலிக்னின் எளிதில் இளகாது. எனினும் தொழில்நுட்பக் கடினம் ஒன்றே காரணமாயின், எண்ணெய் விலை ஏறியபோது அவ்வாராய்ச்சி தழைத்ததும் இறங்கியபோது வாடியதும் ஏன்? எண்ணெய் விலையைப் பார்த்து வளரும் புல் எங்கேனும் உண்டோ? வளர்ந்தது புல்லன்று, இலாப எதிர்பார்ப்பே. அது தேய்ந்ததும் ஆராய்ச்சியும் உடன் தேய்ந்தது.

இன்னொரு கணக்கையும் பார்த்தல் வேண்டும். மிக உயர்ந்த விளைவு தரும் கலப்பினப் புல்லும், ஓராண்டில் அந்நிலத்தின்மேல் விழும் சூரிய ஒளியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கையே தன் உடலில் சேர்க்கிறது. அதை அறுத்து, ஏற்றி, உடைத்து, புளிக்கவைத்து, வடித்து, எஞ்சினில் எரித்த பின்னர் சக்கரத்தைச் சென்றடைவது அதிலும் சிறு கூறு. இன்று சந்தையில் விற்கும் சூரியக் கலத் தகடு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு இருபது பங்கை மின்சாரமாக்குகிறது. சூரிய ஒளியே வேண்டுமாயின் அதைப் பெற இதைவிட நேரான வழி உண்டு. அவ்வாறிருந்தும் எண்ணெய்க் கம்பெனிக்குப் புல் இனித்தது ஏன்? புல்லிலிருந்து பிறப்பது திரவம். அத்திரவம் அதே குழாயில் ஓடும். அதே நிரப்பு நிலையத்தில் விற்கும். அதே வண்டியின் தாங்கியை நிரப்பும். உலகை மாற்றாமல் உலகை மாற்றியதாகக் காட்டுவதற்கு இதனிலும் வாய்ப்பான பொருள் வேறில்லை. புதிய மொந்தை, உள்ளே பழைய கள்.

“திட்டமே தோற்றுவிட்டதாயின் அதனோடு மல்லுக்கு நிற்பானேன்?” என வாசகர் கேட்கக்கூடும். ஆலை தோற்றது, வாதம் தோற்கவில்லை. ‘உணவுக்குப் போட்டியில்லாத பயிர்’, ‘தரிசு நிலத்துப் பயிர்’ என்ற சொற்கள் திட்டத்துக்குத் திட்டம் தாவி இன்றும் உயிரோடிருக்கின்றன. நாளை எண்ணெய் விலை மீண்டும் ஏறும். புல்லும் மீண்டும் புனிதமாகும். அவ்வேளையில் நாம் எதைக் கேட்கவேண்டும் என்பதைக் கலப்பினப் புல்லின் பழைய வரலாறே நமக்குக் கற்பிக்கிறது. அவ்வரலாறு கரும்பின் வரலாறாகும்.

கோயம்புத்தூரில் 1912 ஆம் ஆண்டில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. பார்பரும் வெங்கட்ராமனும் அங்கே தடித்த இனிய கரும்பை, ஆற்றங்கரையில் தானே வளரும் பேய்க்கரும்போடு கலந்தனர். இனிமை ஒன்றிடமிருந்தும், வரட்சியையும் குளிரையும் நோயையும் தாங்கும் உரம் மற்றதிடமிருந்தும் பிள்ளைக்கு வந்தன. அவ்வாறு பிறந்த ‘கோ 205’ என்ற வகை 1918 ஆம் ஆண்டில் பஞ்சாப் வயல்களுக்கு அளிக்கப்பட்டது. இன்று எரிபொருளுக்கென நாருமிக்க ‘சக்திக் கரும்பை’ உண்டாக்குவோர் செய்வதும் அப்பேய்க்கரும்பின் இரத்தத்தை மேலும் கூட்டுவதேயாம்.

அதே காலத்தில் ஒல்லாந்தரின் ஆட்சியிலிருந்த யாவாத் தீவில் இத்தகைய கலப்பின் உச்சம் எட்டப்பட்டது. 1921 இல் அங்கு உருவான பீ.ஓ.ஜே. 2878 என்ற கரும்பு, செரே என்னும் நோயை வென்று, பத்தாண்டுக்குள் தீவின் கரும்பு நிலங்களில் பெரும்பகுதியை நிரப்பியது. அவ்விஞ்ஞானிகளின் கலைச்சொற்களைக் கவனியுங்கள். தடித்த இனிய கரும்பை அவர்கள் ‘மேன்குடிக் கரும்பு’ என்றழைத்தனர். காட்டுக் கரும்பைத் திரும்பத் திரும்ப அதனோடு கலப்பதற்கு ‘மேன்மைப்படுத்தல்’ என்று பெயரிட்டனர். நோயை எதிர்த்து நின்ற வலிமை காட்டுக் கரும்பினுடையது; பட்டம் மேன்குடியினுடையது. தாவரத்துக்குப் பெயரிடும்போதும் ஆளும் வர்க்கத்தின் நா தன் பழக்கத்தை மறப்பதில்லை.

யாவாவின் உழவனுக்கு இவ்வற்புதக் கரும்பால் கிடைத்தது என்ன? 1830 முதல் நடந்த கட்டாயப் பயிர்ச்செய்கை அவன் கிராமத்து நிலத்தில் ஐந்திலொரு பங்கை ஏற்றுமதிப் பயிருக்குப் பறித்தது. பின்னர் வந்த தனியார் ஆலைகள் அவனுடைய நீர்ப்பாசன வயல்களையே சுழற்சி முறையில் குத்தகைக்கு எடுத்தன. நெல் நின்ற வயலில் கரும்பு நின்றது. விளைச்சல் பெருகியது, இலாபம் கடல் கடந்தது. 1930களில் உலகச் சந்தை சரிந்தபோது ஆலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. கூலியும் குத்தகைப் பணமும் ஒருங்கே நின்றன. ஹெக்டேயருக்கு எத்தனை தொன் என்ற கேள்விக்கு உலகிலேயே சிறந்த விடையைக் கண்ட நாட்டில், உழவன் வயிற்றுக்கு எத்தனை பிடி என்ற கேள்வி விடையின்றியே நின்றது.

இந்தியாவிலும் இதற்கு ஒத்த நிலையே. 1932 இல் சர்க்கரைக்குக் காப்புத் தீர்வை விதிக்கப்பட்டதும் ஆலைகள் பெருகின. கோயம்புத்தூர்க் கரும்பு அவற்றுக்கு ஊட்டமளித்தது. எனினும் ஆலைக்காரனின் தராசுக்கும் விலைக்கும் முன்னால் கரும்பு விளைத்தவன் கைகட்டி நின்றமையாலேயே, குறைந்தபட்ச விலை குறிக்க இடமளிக்கும் சட்டம் 1934 இல் இயற்றப்படவேண்டியதாயிற்று. நல்ல இனம் தன்னளவில் நல்ல விலையைக் கொண்டுவருவதில்லை என்பதற்கு அச்சட்டமே சாட்சி. அதே கோயம்புத்தூர் நிலையத்தில் 1930களில் ஜானகி அம்மாள் கரும்பை வேறு புல்லினங்களோடு கலந்து அரிய ஆராய்ச்சிகள் செய்தார். பெண் என்றும் தாழ்த்தி எண்ணப்பட்ட சாதியினர் என்றும் சக ஆண் விஞ்ஞானிகளிடையே அவர் பட்ட இடர்களை அவரது வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். புல்லின் குலத்தைக் கலக்கத் துணிந்த கூடத்துக்கு மனிதரின் குலத்தை மறக்கத் துணிவு வரவில்லை. விஞ்ஞானம் சமுதாயத்துக்கு வெளியே நின்று நடப்பதன்று.

இனித் தரிசுக்கு வருவோம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், இலங்கையின் காடுகளையும் தரிசுகளையும் குடியேறாத, பயிரிடாத நிலங்களையும், வேறெவரேனும் உரித்தை நிரூபித்தாலன்றி முடிக்குரியவை எனக் கொண்டது. 1897 இன் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அப்பிடியை மேலும் இறுக்கிற்று. தரிசு எனப்பட்டது எது? கிராமத்தவர் சேனை வெட்டி, ஓரிரு போகம் விளைத்து, மண் தேறும்பொருட்டுப் பல ஆண்டு ஓயவிட்ட நிலம். மாடு மேய்ந்த நிலம். விறகும் மூலிகையும் தேனும் எடுத்த நிலம். ஓய்ந்திருந்த நிலத்தை உரியவனற்ற நிலம் என்று வெள்ளையன் எழுதினான். அவ்வெழுத்தின்மேல் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றின் சாம்பலில் தேயிலை எழுந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் லயன் அறைகளும் எழுந்தன. ஒரு சொல் என்ன செய்யும் என்று கேட்போர் மலையகத்தைப் பார்க்கட்டும்.

அதே சொல் நம் காலத்தில் எரிபொருள் பயிரின் கைபிடித்து ஆபிரிக்காவில் இறங்கியது. சியெரா லியோனின் மக்கெனிப் பகுதியில் அடக்ஸ் என்ற சுவிட்சர்லாந்துக் கம்பெனி, கரும்பிலிருந்து மதுசாரம் வடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டத்துடன் ஏறக்குறைய 57,000 ஹெக்டேயர் நிலத்தை 50 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஐரோப்பிய, ஆபிரிக்க அபிவிருத்தி வங்கிகள் கடனளித்தன. சரிவரப் பயன்படாத நிலம் என்று சொல்லப்பட்ட அந்நிலம், நம் சேனையைப் போலவே வெட்டியும் ஓயவிட்டும் மக்கள் வாழ்ந்த நிலம். நெல்லும் மரவள்ளியும் செம்பனையும் தந்த நிலம். 2014 இல் ஆலை ஓடத் தொடங்கியது. 2015 இன் நடுப்பகுதியில் வேலை சுருக்கப்பட்டது. 2016 இல் திட்டம் வேறொரு கம்பெனியின் கைக்கு மாறியது. வருபவர்க்கும் போகிறவர்க்கும் அது ஒரு கணக்கு ஏடு. இருப்பவர்க்கு அது உணவு. ஓர் ஏக்கர் பயனற்றது என்று சொல்லும்போதெல்லாம், யாருக்குப் பயனற்றது என்று கேட்காதவன் விஞ்ஞானம் பேசவில்லை; விற்பனைப் பத்திரம் எழுதுகிறான்.

இவ்விடத்தில் இன்னொரு சாராரையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. கலப்பினம் என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. இயற்கையைக் கலப்பதே குற்றம், முன்னோர் விதையே தூயது, விதையற்ற செடி முதலாளித்துவத்தின் சதி என்பது அவர் வாதம். தூய்மையைத் தேடுவோர் புல்லில் தொடங்கி எங்கே போய் முடிப்பர் என்பதை வரலாறு அறியும். நாம் உண்ணும் கோதுமையே புற்களின் இயற்கைக் கலப்பாற் பிறந்தது. கலப்பு உழவனின் பகையன்று. அதற்குச் சான்று நம் பாற்பண்ணைகளிலேயே நிற்கிறது.

கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உண்டாக்கிய ‘கோ 3’ என்னும் புல்லைக் கால்நடை வளர்ப்போர் நாடெங்கும் பயிரிடுகின்றனர். கம்பும் யானைப்புல்லும் கலந்து பிறந்தது அது. கம்புக்கு 14 நிறமூர்த்தங்கள், யானைப்புல்லுக்கு 28, பிள்ளைக்கு 21. மிஸ்காந்தஸ் போலவே இதுவும் மூன்று தொகுதி கொண்டது, இதுவும் மலடு, இதுவும் தண்டைத் துண்டித்து நட்டே பெருகுவது. ஒருவர் தோட்டத்தில் வெட்டிய தண்டு அயலவர் தோட்டத்தில் முளைக்கிறது. அங்கே இதே மலட்டுத்தன்மை பகிர்வுக்குத் துணை நிற்கிறது. பிள்ளை தாயைப் போலவே அமைவதால் எவரும் ஏமாறுவதில்லை.

அமெரிக்காவிலோ, விதையின்றித் தண்டாலும் ஒட்டாலும் பெருகும் புதிய வகைகளுக்குத் தனியுரிமை வழங்கும் சட்டம் 1930 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அயலவனுக்கு ஒரு துண்டு கொடுத்தல் என்ற ஆதி மனிதச் செயலைக் குற்றமாக்க அது வழி திறந்தது. மிசிசிப்பி அரச பல்கலைக்கழகத்தில் தெரிவு செய்யப்பட்ட மிஸ்காந்தஸ் வகை ஒன்றுக்கு ‘விடுதலை’ என்று பெயர் சூட்டினர். அவ்விடுதலையைப் பெருக்கி விற்கும் உரிமத்தைத் தனியார் கம்பெனி ஒன்றின் கையிற் கொடுத்தனர். ஒரே வகைப் பிறப்பு. ஒரே வகை மலடு. ஓரிடத்தில் கைமாறுகிறது, மற்றோரிடத்தில் விலைமாறுகிறது. வேறுபாடு நிறமூர்த்தத்தில் இல்லை. சொத்துறவில் இருக்கிறது. இதைக் காணாது புல்லோடு சண்டையிடும் நண்பர்கள், அடித்தவனை விட்டுக் கம்பைக் கடிக்கின்றனர்.

அறுப்பவனையும் மறந்துவிடலாகாது. 1975 இல் இராணுவ ஆட்சியின்கீழ் பிரேசில் தன் மதுசாரத் திட்டத்தைத் தொடங்கியது. தூய எரிபொருள் என உலகம் போற்றிய அத்திட்டத்தின் அடியில், நாளொன்றுக்குப் பத்துத் தொன்னுக்கு மேல் கரும்பு வெட்டவேண்டியிருந்த கூலியாட்கள் நின்றனர். 2000களின் நடுப்பகுதியில் சாவோ பாவுலோ வயல்களில் வெட்டாளர் பலர் களைத்து வீழ்ந்து இறந்தமை பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று. பின்னர் இயந்திரங்கள் வந்தன; உழைப்பு குறைந்தது என மகிழுமுன் கூலியும் போயிற்று. இயந்திரம் தொழிலாளியின் முதுகை நிமிர்த்தவும் வல்லது, வயிற்றை ஒட்டவைக்கவும் வல்லது. எது நிகழும் என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை.

ஆகவே நாம் கோருவது என்ன? புதிய புல் வேண்டாம் என்பதன்று. மண்ணரிப்பைத் தடுக்கும் ஆழ்ந்த வேருக்கும், குறைந்த பசளைக்கும், மாட்டின் தீவனத்துக்கும், கிராமத்துச் சாணவாயுக் கலத்துக்கும் கலப்பினப் புல் பேருதவி புரியக்கூடும். அவ்வாராய்ச்சி பொது நிலையங்களில், பொதுப் பணத்தில், எண்ணெய் விலையின் ஏற்ற இறக்கத்துக்கு அஞ்சாமல் நடைபெறட்டும். அதன் பயனாய்ப் பிறக்கும் தண்டும் கிழங்கும் பயிரிடுவோர் அனைவர்க்கும் பொதுவாகட்டும். ஒரே தாவரத்தின் பிரதியால் நாட்டை நிரப்பினால் ஒரே நோய் அனைத்தையும் அழிக்கும். ஆதலின் பல வகைகள் பேணப்படட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நிலம் தரிசு என்பதைத் தலைநகரத்து வரைபடம் தீர்மானியாதிருக்கட்டும். அந்நிலத்தில் மாடு மேய்ப்பவளும், விறகு பொறுக்குபவளும், காணி உறுதி இல்லாமலே தலைமுறையாய் விளைத்தவனும் கூடி அமர்ந்து ஆம் என்று சொன்னாலன்றி அங்கே ஒரு புல்லும் நடப்படலாகாது. மனிதனுக்கு உணவு, மாட்டுக்குத் தீவனம், அடுப்புக்கு நெருப்பு, அதன் பின்னரே எஞ்சின் என்ற வரிசை சட்டமாகட்டும்.

இது கற்பனைக் கோரிக்கை என்பார் சிலர். தானியத்தை எரிப்பது வளர்ச்சி என்று சொன்னவர்கள், பட்டினிக் கலகத்துக்குப் பின் புல்லைத் தேடி ஓடியது எதனால்? ஏழையின் கோபம் விஞ்ஞானக் கொள்கையின் திசையை ஒருமுறை திருப்பியிருக்கிறது. மறுமுறையும் அது திருப்பும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிலொரு பங்குண்டு. உயர்தர வகுப்பில் மூன்று தொகுதி நிறமூர்த்தமுள்ள செடி ஏன் விதை தருவதில்லை என்று உயிரியல் ஆசிரியர் விளக்குகிறார்; பக்கத்து வகுப்பில் 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தை வரலாற்று ஆசிரியர் குறிப்பாக எழுதிப்போடுகிறார். இரண்டு பாடங்களுக்குமிடையே ஒரு சுவர் நிற்கிறது. அச்சுவரால் இலாபமடைபவர் யார் என்பதை இக்கட்டுரை ஓரளவு காட்டியிருக்கும் என நம்புகிறேன். ஹெக்டேயருக்கு எத்தனை தொன் என்று படிக்கும் மாணவன், அந்த ஹெக்டேயர் எவர் பெயரில் இருக்கிறது, எவர் பெயரிலிருந்து மாற்றப்பட்டது என்றும் அடுத்த வரியிலேயே கேட்கப் பழகவேண்டும். அப்பழக்கமுள்ள தலைமுறையின் முன்னால் எந்தக் கம்பெனியும் ஒரு துண்டு நிலத்தைத் தரிசென்று எழுத இருமுறை யோசிக்கும்.